குதிரை மாளிகையும் 32 கட்டமும்

திருவனந்தபுரத்தின் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டை ஒரு கிலோமீட்டர்தான். ஆட்டோவை வேண்டாமென்று சொல்லிவிட்டு நடந்தேன். நண்பரின் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் கூட வந்தாள். பழவங்காடி கணபதி கோயிலில் யாரோ தேங்காய் மேல் தேங்காயாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க தேங்காய்த் தண்ணீரின் புளிப்பு வாசனை.

நான் வந்தது குதிரை பார்க்க. சதுரங்கக் குதிரையை வைத்து ஒரு பழைய புதிர் உண்டு: எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் 64 கட்டங்களையும் சுற்றி வர வேண்டும். தனி ஆள் தலையைச் சொறியும் இந்தப் புதிரை இரண்டு பேர் ஆடும் ஆட்டமாக மாற்ற முடியுமா என்று ஒரு மாதமாக யோசனை. பையில் பென்சிலும் அடிக்கோலும் இருந்தன. விதிதான் இன்னும் பிடிபடவில்லை.

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே குதிரை மாளிகை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். படம் எடுக்கக் கூடாது என்றார்கள். மன்னர் சுவாதித் திருநாள் (1813-1846) கட்டிய மாளிகை இது. கூரைச் சரிவுக்குக் கீழே, முன்னங்கால்களைத் தூக்கியபடி வரிசையாக மரக் குதிரைகள். "மொத்தம் 122" என்றார் வழிகாட்டி. முற்றத்தில் நின்று எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் கழுத்து வலித்தது, கணக்கும் தப்பியது. மறுபடி எண்ணினேன், வேறு எண் வந்தது. 122-ஐ அவர் வாயால் கேட்டதாக மட்டும் குறித்துக்கொண்டேன்.

இங்கே மரத்தில் குதிரை செதுக்கிய அதே நூற்றாண்டில், மைசூரில் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் குதிரைப் பாய்ச்சல் கணக்குகளிலும் புதுப் புது ஆட்டங்கள் அமைப்பதிலும் மூழ்கிக் கிடந்தார். ஐரோப்பாவில் கணித அறிஞர் ஆய்லர் இந்தப் புதிரை ஆராய்ந்தது 1759-ல். நம் பக்கம் அதற்கும் நானூறு ஆண்டு முந்தைய உதாரணமே உண்டு. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரின் பாதுகா சகஸ்ரம் என்ற நூலில் 32 எழுத்துள்ள ஒரு சுலோகம் இருக்கிறது. அதை வரிக்கு எட்டாக நான்கு வரியில் எழுதி, குதிரை நடையில் தாவித் தாவிப் படித்தால் அடுத்த சுலோகம் வந்துவிடும். அரைப் பலகைதான், ஆனால் எழுத்தெல்லாம் சரியாக விழுகிறது. என் ஆட்டத்துக்கும் அந்த 4-க்கு 8 பலகையே போதும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வெளியே வந்து சாலை என்ற கடைத்தெருவுக்குப் போனோம். மிளகு நெடியில் இரண்டு தும்மல். சார்ட் தாள் 15 ரூபாய். குதிரைகளுக்குப் பதிலாகக் கறுப்பிலும் வெள்ளையிலும் இரண்டு பெரிய பொத்தான் 5 ரூபாய். மிதித்த கட்டத்தை மூட என்ன செய்வது என்று பார்த்தபோது, புளிக்கடைக்காரர் ஒரு கை புளியங்கொட்டையைக் காசு வாங்காமல் அள்ளிக் கொடுத்தார். 12 ரூபாய் டீயோடு பத்மதீர்த்தக் குளத்தருகே நிழலில் உட்கார்ந்து கட்டம் போட்டேன்.

முதல் விதி: ஒரே குதிரை, மாறி மாறி இருவரும் நகர்த்த வேண்டும். விட்டு வந்த கட்டத்தில் புளியங்கொட்டை. நகர்த்த வழியில்லாதவர் தோற்றார். முதல் ஆட்டம் எனக்கு. அடுத்த மூன்றும் அவளுக்கு. ஒவ்வொரு தடவையும் "நான் முதல்ல, மாமா" என்று முந்திக்கொண்டாள். நான்காவது தடவை அவள் விரலைக் கவனித்தேன். பலகையை நீளவாக்கில் 4 கட்டம், அகலவாக்கில் 2 கட்டம் கொண்ட நான்கு பெட்டியாக மனதுக்குள் பிரித்திருந்தாள். ஒரு பெட்டியில் குதிரை எந்தக் கட்டத்தில் நின்றாலும், அதே பெட்டிக்குள் பாய ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. ஆக 32 கட்டமும் 16 ஜோடி. நான் எங்கே பாய்ந்தாலும் அதன் ஜோடிக்கு அவள் பாய்வாள். அவளுக்கு வழி அடைபடவே அடைபடாது. ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது!

விதியை மாற்றினேன். ஆளுக்கொரு குதிரை, எதிரெதிர் மூலையில். "இப்ப நான் ரெண்டாவது" என்றாள். மறுபடி தோற்றேன். என் ஒவ்வொரு பாய்ச்சலையும் பலகையைத் திருப்பிப் பிடித்த மாதிரி எதிர்ப்பக்கத்தில் அப்படியே செய்துகொண்டே வந்தாள். எனக்கு இடம் இருந்தால் அவளுக்கும் இருக்கும், முதலில் தீர்வது எனக்குத்தான். குளத்தைப் பார்த்திருக்கும் மேத்தன் மணியைக் காட்டினாள். அந்தக் கடிகாரத்துத் தாடிக்காரரின் இரண்டு கன்னத்தையும் மணிக்கொரு தரம் இரண்டு ஆடுகள் முட்டும். "அந்த ஆடுங்க மாதிரி மாமா, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

மூன்றாவது விதிக்கு வீட்டு வழக்கம் கை கொடுத்தது. தின்பண்டத்தை ஒருவர் பங்கு போட்டால் இன்னொருவர்தானே முதலில் எடுப்பார்? அதே மாதிரி ஒருவர் இரண்டு குதிரையையும் பிடித்த இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளைதான் முதலில் ஆடும். எந்தக் குதிரை வேண்டும் என்று மற்றவர் சொல்வார். எதிரெதிராக வைத்தால் எதிராளி கறுப்பை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்ப முட்டுவார். கோணலாகத்தான் வைத்தாக வேண்டும். ஐந்து ஆட்டம் ஆடினோம். மூன்று அவளுக்கு, இரண்டு எனக்கு. முதல் தடவையாக இருவருமே பேசாமல் யோசித்தோம், டீ ஆறிப் போனது. குறுக்கு வழி இதிலும் இருக்கலாம். அன்று எங்கள் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது மாளிகைக் கதவு சாத்தியிருந்தது. "நாளைக்கு வந்து பாதிக் குதிரையை எண்ணினாப் போதும், ரெண்டால பெருக்கிடலாம்" என்றாள். அந்தப் பக்கத்தையும் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பெருக்கலாம் என்றேன்.