பக்கத்துக்கு வெளியே கிடந்த வரி

திரையில் மேகம் வந்தது. நீல வானம், வெள்ளை மேகம், நடுவில் அந்த வண்ணச் சன்னல், அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டை. என் மடிக்கணினியின் திரைக்குள் கையகலத்துக்கு ஒரு சதுரம். அதற்குள் விண்டோஸ் 98 கண் விழித்துக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டைத் தெற்கு பஜாரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது எங்கள் டி.டி.பி. கடை. காலையில் கணினியைப் போட்டுவிட்டு, இந்த மேகம் கலைவதற்குள் எனக்கு மூன்று வேலை இருந்தது. வாசல் தெளிப்பது, சாமி படத்துக்குப் பூ வைப்பது, யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. மூன்றையும் முடித்து வந்து உட்கார்ந்தாலும் மேகம் அப்படியே நிற்கும். இப்போது பத்து எண்ணுவதற்குள் கலைந்துவிட்டது. எழுந்து போய்ச் செய்ய வேலை ஒன்றும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன்.

சித்திரை மாதத்தில் வாத்தியாரையாவின் மகள் கூப்பிட்டிருந்தாள். “அக்கா, அப்பா பீரோவுல ஒரு சி.டி. கிடந்துச்சு. மேல உங்க கையெழுத்து மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா என்னமோ கிறுக்கலா வருது. உங்களால பார்க்க முடியுமா?”

என் கையெழுத்துதான். ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியபோது, எல்லாவற்றையும் சி.டி.க்கு மாற்றியது நான். வாத்தியாரையா முப்பது வருஷமாகச் சேர்த்த தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அதில் இருந்தன. தாமிரபரணிக் கரை ஊர்களில் சைக்கிளில் அலைந்து, திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டு எழுதியவை. 1999ல் அவற்றைப் பேஜ்மேக்கர் 6.5ல் 212 பக்கங்களாக நான் கட்டினேன். அப்போது எனக்கு இருபது வயது. தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு வேலைக்கு வந்திருந்தேன்.

புத்தகம் அச்சேறவில்லை. பணம் திரளவில்லை, அதனால் நின்றுபோனது என்றுதான் இத்தனை வருஷமும் என் மனதில் இருந்தது. கேட்பவர்களிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

அந்தக் கடையின் வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. லேசர் பிரின்டர் சூடாகும்போது வரும் வாசம். பட்டர் பேப்பர் சுருண்டு வெளியே வரும். அதில் பக்கங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி இருக்கும். அதை வைத்துத்தான் பிளேட் போடுவார்கள். மின்சாரம் ஒரு தரம் கண் சிமிட்டினாலும் போதும், முதலாளி அண்ணாச்சி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: “ஏம்மா, சேவ் பண்ணியாச்சா?” டீக்கடையில் நின்றாலும் அங்கிருந்தே கேட்பார். இன்றைக்கும் மின்விசிறி ஒரு சுற்றுக் குறைந்தால் என் இடது கை தானாகக் கண்ட்ரோல் விசைக்குப் போய்விடுகிறது.

வாத்தியாரையா சாயங்காலம் நான்கு மணிக்குப் புரூப் பார்க்க வருவார். சிவப்பு மைப் பேனா, ஒரு மடக்கு ஸ்டூல், தூக்குச் சட்டியில் சுக்குக் காப்பி. எனக்கும் ஒரு வாய் ஊற்றித் தராமல் ஆரம்பிக்க மாட்டார். பாட்டை வாய்விட்டு ராகத்தோடு படிப்பார். ராகம் எங்கே இடறுகிறதோ அங்கே எழுத்துப் பிழை இருக்கும். நான் அடித்ததைத் திருத்தும்போதெல்லாம், “தப்பு உன் மேல இல்ல தாயி, என் கையெழுத்து மேல” என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். 1978ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அச்சில் ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ எல்லாம் புது வடிவத்துக்கு மாறிவிட்டன. அவருக்குப் பழைய வடிவம்தான் வேண்டும். லகரத்தின் தலையில் யானை துதிக்கையைத் தூக்கியது போன்ற வளைவு இருக்க வேண்டும். “பாடின ஆச்சிமாருக்கு எழுத்தே தெரியாது. அவங்க காலத்து எழுத்தாவது அவங்க பாட்டுக்கு இருக்கட்டுமே” என்றார். எங்களிடம் இருந்த ஓர் எழுத்துருவில் அந்தத் துதிக்கை எழுத்துகளும் இருந்தன. அதிலேயே அடித்தேன்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அவர் மகளின் கணினியில் வந்த கிறுக்கலுக்குக் காரணம் அந்த எழுத்துருதான். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்கென்று கணினிக்குள் பொதுவான இடம் கிடையாது. யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், விண்டோஸ் 2000 வரும்வரை அது எங்கள் மேஜைக்கு எட்டவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘வணக்கம்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் வணக்கம். இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். வேறொரு எழுத்துருவில் அதே ‘வ’ வேறெங்கோ இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடித் தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் வகுத்தபோது, நாங்கள் இந்தப் பாட்டுகளைத்தான் அடித்துக்கொண்டிருந்தோம். தெற்கு பஜாருக்கு அந்தச் செய்தி வந்து சேரவே நாளானது.

பேஜ்மேக்கரின் காலமும் முடிந்துவிட்டது. பால் பிரெய்னர்ட் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனம் 1985ல் வெளியிட்ட மென்பொருள் அது. வெனிஸ் நகரத்துப் பழைய அச்சாளர் ஆல்டஸ் மனூடியஸின் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்தார்கள். பிறகு அடோபியின் கைக்கு வந்து, 7.0 பதிப்போடு 2004ல் வளர்ச்சி நின்றது. அடோபியின் இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. ஆக, என் கையில் இருந்தது பூட்டிய பெட்டி. சாவி இருந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். அந்த வீட்டைத் திரும்பக் கட்டினால்தான் உண்டு.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மெய்நிகர் கணினி. ஒரு கணினிக்குள், மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உண்டாக்குவது. செயலி, நினைவகம், வட்டு, திரை எல்லாம் இருப்பதுபோல் காட்டினால், உள்ளே ஓடும் பழைய விண்டோஸ் தன் காலத்து எந்திரத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பி வேலை செய்யும். அதன் ஹார்ட் டிஸ்க் நமக்கு வெறும் ஒரு கோப்பு. இந்த யோசனை 1960களிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் முளைத்தது. ஒரு பெரிய கணினியைப் பலர் பங்கிட்டாலும், ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருப்பதுபோல் செய்யப் பார்த்தார்கள். 1999ல் வி.எம்.வேர் அதை மேஜைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007ல் விர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூலமாக வந்தபின் என்னைப் போன்றவர்களுக்கும் கைக்கு எட்டியது.

வெளியே இருக்கும் கணினியை ஹோஸ்ட் என்றும் உள்ளே வருவதை கெஸ்ட் என்றும் சொல்கிறார்கள். விருந்தோம்புவதும் விருந்தும். விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். என் வீட்டுக்கு வந்த விருந்து இருபத்தைந்து வயதுப் பழையது. அதற்கேற்ற பக்குவத்தில் பரிமாற வேண்டியிருந்தது. நினைவகம் 256 எம்.பி. கொடுத்தேன், கடையில் இருந்ததைவிட எட்டு மடங்கு. அள்ளிக் கொடுத்தாலும் ஆகாது, 512ஐத் தாண்டினால் 98 தடுமாறும். இணையத்தை அறவே துண்டித்தேன். இன்றைய வலையின் கிருமிகளுக்கு அதனிடம் எதிர்ப்புச் சக்தி கிடையாது. கடையை மூடியபோது அண்ணாச்சி என்னிடம் கொடுத்த டிரங்குப் பெட்டியில் மென்பொருள் வட்டுகள் எல்லாம் உறையோடு பத்திரமாக இருந்தன. வரிசை எண்ணை உறையின் மேல் அவரே பால்பாயின்டில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக நிறுவினேன்.

அதே சி.டி.யில் எங்கள் கடைக் கணக்கும் இருந்தது. பாலிடெக்னிக்கில் படித்த ஒரு பையன் டர்போ பாஸ்கலில் எழுதிக் கொடுத்தது. அதை இயக்கினால், ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி நின்றுவிட்டது. அது பேர்போன கோளாறு. அந்த மொழியில் எழுதிய நிரல்களில் பல, தொடங்கியதும் எந்திரத்தின் வேகத்தை அளந்து பார்க்கும். கடிகாரம் ஒரு துடிப்புத் துடிப்பதற்குள் எத்தனை சுற்று எண்ண முடிகிறது என்று கணக்குப் போடும். வேகமான எந்திரத்தில் அந்த எண் தனக்கென்று வைத்திருந்த இடத்தில் அடங்காமல் வழிந்துவிடும், நிரல் நின்றுவிடும். டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். எங்கள் பழைய எந்திரத்தின் நடைக்கு வந்ததும் திறந்தது. வாத்தியாரையா பெயரில் 212 பக்கம், பக்கத்துக்குப் பத்து ரூபாய், வரவு 1,800, பாக்கி 320. அண்ணாச்சி அந்த 320ஐக் கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்டால் வாத்தியாரையா வருவதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்திருப்பார்.

பிறகு புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துரு ஒரு நொடி தயங்கி வந்து உட்கார்ந்தது. துதிக்கை தூக்கிய ‘லை’ வரிசை வரிசையாக நின்றது. யூனிகோடுக்கு மாற்றினால் இந்த வேறுபாடு போய்விடும். அங்கே பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் ஒரே குறியீடுதான், வடிவம் எழுத்துருவின் விருப்பம். 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது தமிழுக்குப் பெரிய நன்மை. தேடவும் அனுப்பவும் முடிகிற தமிழ் யூனிகோடால்தான் கிடைத்தது. ஆனாலும் ஒரு மனிதர் கேட்டு வாங்கிய வளைவு அப்படியே இருந்தது இந்தப் பழைய மேஜையில் மட்டும்தான்.

மேஜை என்று சொல்வது வெறும் உவமை இல்லை. அச்சுக்கு முன்னால் தாள்களை வெட்டி ஒட்டிப் பக்கம் கட்டிய காலத்து மேஜையை மனதில் வைத்துத்தான் பேஜ்மேக்கரைச் செய்தார்கள். பக்கத்தைச் சுற்றிலும் வெறும் வெளி இருக்கும், பேஸ்ட்போர்டு என்போம். இன்னும் இடம் பிடிக்காத படம், பத்தி எதையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். அச்சில் வராது. பேஜ்மேக்கரில் எல்லாப் பக்கத்துக்கும் மேஜை ஒன்றுதான். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதில் வைத்தது கூடவே இருக்கும்.

அந்த வெளியில் ஒரு வரி கிடந்தது. பெரிய எழுத்தில், நான் அடித்தது.

‘பக்கம் 47: இந்தத் தாலாட்டைச் சொன்ன ஆச்சி பேர் தெரியணும். அதுவரைக்கும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.’

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் திரும்பி வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். “எல்லாப் பாட்டுக்கும் கீழ பேரு இருக்கு. இவ ஒருத்திக்கு மட்டும் இல்லாம எப்படி தாயி புஸ்தகம் போடுறது? பொறு, கேட்டுட்டு வந்துருதேன்.” சீவலப்பேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சொன்னார். அடுத்த மாதம் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சைக்கிள் ஏறுவது நின்றது.

பணத்தால் நின்ற புத்தகம் இல்லை அது. என் நினைவு தனக்குத் தெரிந்த காரணத்தை எடுத்து ஒட்டிக்கொண்டு, வருஷக்கணக்காக அதையே உண்மை என்று வைத்திருந்தது. புத்தகத்தின் பிரதி மட்டும் மிஞ்சியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. எழுத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று சொல்கிறவர்களிடம் இப்போது சொல்ல என்னிடம் இது இருக்கிறது: அது எழுதப்பட்ட மேஜையையும் வைத்திருங்கள். மனிதர்கள் முடிக்காமல் விட்டது அங்கேதான் கிடக்கும்.

அந்த வரியை மகளிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேச்சில்லை. “நான் போய்க் கேட்கேன்க்கா” என்றாள். மூன்று வாரம் கழித்து ஒரு குரல்பதிவு அனுப்பினாள். அந்த ஊரில் ஒரு கிழவர், தன் பெரியம்மை பாடிய பாட்டு அது என்று முதல் இரண்டு அடியைச் சொல்லி, பெயரையும் சொன்னார்.

அன்றிரவு கடையை மறுபடி திறந்தேன். முதலில் பழைய கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்தேன்; 1999 என்ற தேதி அதில் அப்படியே இருக்கட்டும். நகலில் 47ஆம் பக்கத்துக்குப் போனேன். டைப்ரைட்டர் முறையில் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்து உயிர்மெய்யைப் பின்னால் அடிக்க வேண்டும். இத்தனை காலம் ஆகியும் விரலுக்கு அது மறக்கவில்லை. பாட்டின் கீழே, துதிக்கை தூக்கிய பழைய எழுத்திலேயே அந்தப் பெயரை அடித்தேன். வெளியே கிடந்த வரியை எடுத்துவிட்டேன். எந்தப் பக்கத்துக்குத் திரும்பினாலும் இப்போது மேஜை காலியாக இருந்தது.

இயல் இயலாக, 1.44 எம்.பி. கொள்ளும் மெய்நிகர் ஃபிளாப்பியில் ஏற்றி, அச்சுக்கோப்புகளை வெளியே கொண்டுவந்தேன். ஆவணியில் புத்தகம் வருகிறது.

மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. அண்ணாச்சி குரலில்தான் எனக்குக் கேட்டது. “பண்ணியாச்சு அண்ணாச்சி” என்றேன்.