ஆறு வருஷம் கழிச்சு ஒரு டேக்-ஆஃப்

சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா மறக்கவே மறக்காதுன்னு சொல்வாங்க இல்லையா? ஆர்.சி. விமானத்துக்கும் அது பொருந்தும்னு நம்பி, வீட்டுல தூங்குற பழைய ட்ரான்ஸ்மிட்டரைத் தூசி தட்டப் போறீங்கன்னா, ஒரு நிமிஷம் இதைப் படிச்சிட்டுப் போங்க.

ஏழாவது படிக்கும்போது மாமாவும் நானும் கோரோ ஷீட்ல செஞ்ச விமானம்தான் என் ஆரம்பம். பத்தாவது பரீட்சை வந்ததும் அது பரணுக்குப் போயிடுச்சு. அப்புறம் ப்ளஸ் டூ, கவுன்சலிங், செமஸ்டர்... உங்களுக்குத் தெரியாத கதையா? கிட்டத்தட்ட ஆறு வருஷம் ஓடிப்போச்சு.

இந்த வருஷம் ஏரோ கிளப் ஜூனியர்ஸ் நாலு மாசம் ராத்திரி முழிச்சு ஒரு பால்சா விமானம் செஞ்சாங்க. போட்டியில ஓட்ட ஆள் இல்ல. "அண்ணா, நீங்க ஸ்கூல்லயே ஓட்டுவீங்களாமே?"ன்னு வந்து நின்னாங்க. இருக்குறது ஒரே விமானம். ஸ்பேர் கிடையாது. "மூணு வாரம் டைம் குடுங்கடா"ன்னு மட்டும் சொன்னேன்.

பரண்ல இருந்த லிப்போ பேட்டரி பலூன் மாதிரி உப்பியிருந்தது. அப்படி உப்பினதை சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். ரொம்ப நாள் சும்மா வைக்கணும்னா 3.8 வோல்ட் அளவுல வைக்கணும். புது பேட்டரி வாங்கினேன்.

அடுத்து சிமுலேட்டர். முதல் நாள் பத்துல ஏழு தடவை தரையில குத்தினேன். விரலுக்கு ஸ்டிக் ஞாபகம் இருந்தது, கண்ணுக்குத்தான் திசை மறந்துபோச்சு. விமானம் நம்மளை விட்டுப் போகும்போது இடதுன்னா இடதுதான். நம்மளைப் பார்த்துத் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். இதுக்கு மாமா சொன்ன வழி ஒண்ணு இருக்கு. எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்து தெரியுதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, நேராயிடும். ஒரு வாரம் இதை மட்டும்தான் பழகினேன். அப்புறம் ஒரு ஃபோம் ட்ரெய்னர் வாங்கி நிஜக் காத்துல பழகினேன்.

நான் விட்டப்போ இல்லாத இன்னொண்ணு, 2021-ல வந்த ட்ரோன் விதிகள். பச்சை மண்டலத்துல பொதுவா 400 அடி வரைக்கும் அனுமதி கேக்காம பறக்கலாம். விமான நிலையத்துல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ளன்னா 200 அடிதான். நம்ம மைதானம் எந்த மண்டலம்னு மேப்ல பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.

கடைசியா ஜூனியர்ஸ் விமானம். இறக்கைக்கு அடியில ரெண்டு விரல் வச்சுத் தூக்கினேன், வால் லேசா தாழ்ந்தது. இந்த மாதிரி விமானத்துக்கு எடை மையம் இறக்கை அகலத்துல முன்னாலிருந்து கால் பங்குக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல இருக்கணும். பேட்டரியை முன்னால நகர்த்தினோம். அப்புறம் ஏலரான், எலிவேட்டர், ரட்டர் ஒவ்வொண்ணும் சரியான பக்கம் அசையுதான்னு சத்தமா சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்.

காத்து எழும்புறதுக்கு முன்னாடி, காலைல ஆறு மணிக்கு டேக்-ஆஃப். ரெண்டு நிமிஷம், நாலு ரவுண்டு. இறங்கும்போது மூக்கைத் தூக்கணும்னு கை துடிக்கும். வேகம் இல்லாதப்போ தூக்கினா ஸ்டால் ஆகி ஒரு இறக்கை சாய்ஞ்சிடும். பரீட்சையில படம் போட்டு மார்க் வாங்கின அதே ஸ்டால்! அன்னைக்குத்தான் அது கட்டைவிரலுக்குப் புரிஞ்சது. விமானம் ரெண்டு குதி குதிச்சு நின்னது. ஒரு சக்கரம் வளைஞ்சது, மத்ததெல்லாம் முழுசு. பசங்க போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டார்.

ஸ்கூல்ல எனக்கு பயமே கிடையாது, ஏன்னா உடைஞ்சா என் ஷீட்டுதான் உடையும். இப்போ இருந்த பயம் அடுத்தவங்க உழைப்புக்கான பயம். அதுதான் என்னை ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ரெண்டு தடவை பார்க்க வச்சது. பழைய திறமை முழுசா திரும்பல. ஆனா பழைய நானைவிட இப்போ கொஞ்சம் நல்லாவே ஓட்டுறேன்.

உங்க பரண்லயும் ஏதாவது இருக்கும். கீபோர்டோ, கேரம் போர்டோ, பாதியில நின்ன ரோபோவோ. இந்த லீவுக்கு ஊருக்குப் போனா இறக்கிப் பாருங்க. கை நடுங்கினா நல்லதுதான். சிமுலேட்டர்ல இருந்து ஆரம்பிங்க. பேட்டரியை மட்டும் முதல்ல செக் பண்ணிடுங்க!