முதல் பரிசு இல்லாத ஓட்டம்

பந்தயம் என்றால் ஒருவன் ஜெயிக்க வேண்டும், மற்றவர்கள் தோற்க வேண்டும். நமக்குத் தெரிந்த சாஸ்திரம் இதுதான். ஆனால் 'பிரெவே' என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் முதல்வனும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. குறித்த நேரத்துக்குள் முடித்தவர்கள் எல்லாரும் ஒரே ஜாதி!

200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40, 1000க்கு 75. ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவருக்கு 'சூப்பர் ராண்டனர்' என்று பட்டம். பாரிஸிலிருந்து பிரெஸ்டுக்குப் போய்த் திரும்பும் ஓட்டம் 1891-ல் பந்தயமாகத்தான் பிறந்தது. இன்று அதுவும் போட்டியில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி.

இதையெல்லாம் மாதனூரில், நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில், அப்படி ஓட்டி வந்த ஓர் இளைஞர் விளக்கினார். பக்கத்தில், தோல் ஷாப்பில் முப்பது வருஷம் உழைத்த பெரியவர் ஒருவர்.

"வேகமா போனா இன்னா குடுப்பாங்க, தம்பி?"

"ஒண்ணுமில்லை தாத்தா. சீக்கிரம் போயிட்டா, சாவடி திறக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம்தான் அட்டையில முத்திரை."

"கடைசியில ஒரு நிமிஷம் லேட்டானா?"

"அட்டை செல்லாது."

"எங்க ஷாப்பு கேட்டும் அப்படித்தாம்பா! ஒரு நிமிஷத்துக்கு அரை நாள் கூலி போயிடும்."

இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் தாமாக ஏற்றுக்கொண்ட கெடுவும், வயிற்றுக்காகத் தலையில் விழுந்த கெடுவும் ஒன்றாகிவிடுமா?

பிறகு அந்த விதிகளைத் தேடிப் படித்தேன். பின்னால் கார் வரக்கூடாது. சாவடியில் தவிர வழியில் யார் உதவியும் கூடாது. பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். பசி, களைப்பு என்று சாக்குச் சொன்னால் செல்லாது. ஆனால், வழியில் விபத்தில் சிக்கியவருக்கு உதவ நின்று, அதனால் நடுச் சாவடிக்குத் தாமதமாக வந்தவரை மன்னித்து மேலே போக விடலாமாம்!

கடிகாரத்தை நம்பி நடக்கும் ஒரு சட்டம், மனிதனுக்காக இத்தனை இடம் விட்டிருக்கிறது. பெரியவருடைய கேட்டில் அந்த ஒரு வரி எழுதப்படவில்லை. விளையாட்டுக்கு வகுத்த விதியில் இருக்கிற நியாயம் பிழைப்புக்கு வகுத்த விதியில் இல்லாமல் போனது ஏன்? சைக்கிள்காரர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அல்ல இது. நாம்தான் சொல்ல வேண்டும்.