தாத்தாவின் ஒலிநாடா

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த கொடைகள் எத்தனையோ. அவற்றுள், மறைந்தவர்களின் குரலை மீண்டும் கேட்கச் செய்யும் கொடையே தலையாயது என்றால் அது மிகையாகாது. ஆனால் கொடையைப் பெற்றுக்கொண்டால் மட்டும் போதாது. அதைப் பேணவும் தெரிய வேண்டும். இந்தப் பாடத்தை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சென்ற மே மாத விடுமுறையில், எங்கள் கைகளாலேயே ஒரு தவற்றைச் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் இருவரும் அக்காள் தங்கை. ஒருத்தி பதினோராம் வகுப்பு. மற்றவள் ஒன்பதாம் வகுப்பு. திருச்சி பாலக்கரையில் எங்கள் வீடு. கூடத்து அலமாரியில் ஒரு ஸ்டீரியோ செட் உண்டு. மேலே சி.டி. பிளேயர், நடுவில் கேசட் டெக், கீழே ஆம்பிளிஃபையர், இருபுறமும் ஸ்பீக்கர்கள். துபாயில் வேலை பார்த்த எங்கள் தாத்தா, 1992-ஆம் ஆண்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்தவை. 2017-இல் தாத்தா காலமான பிறகு அவற்றை யாரும் இயக்கவில்லை. மேலே போர்த்திய பூவேலை விரிப்பை மட்டும் அப்பாயி மாதம் ஒருமுறை துவைத்துப் போடுவார்கள்.

அப்பாயியின் பீரோவில், சேலைகளுக்கு அடியில், ஒரு கேசட்டும் இருந்தது. அதுவே இக்கட்டுரையின் நாயகன்.

அந்நாளில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் பலர், கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்களாம். தொலைபேசியில் பேசுவதென்றால் காத்திருக்கவும் வேண்டும், காசும் வேண்டும். மேலும், எங்கள் அப்பாயிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். தாத்தா மனம்விட்டு எழுதுவாரா, என்ன? கேசட் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்கலாம்.

ஒரே கேசட்டுதான் போகவும் வரவும் இருக்கும். தாத்தா பேசி அனுப்பியதன் மேலேயே அப்பாயி பேசித் திருப்பி அனுப்புவார்கள். பழைய பேச்சு அழிந்துவிடும். 1984-இல் வந்த ஒரு கேசட்டை மட்டும் அப்படி அழிக்க முடியவில்லை. அதன் முதுகில் இருந்த இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளைத் தாத்தாவே உடைத்து அனுப்பியிருந்தார். அத்தகடு உடைக்கப்பட்ட பக்கத்தில் எந்தக் கருவியிலும் பதிவுப் பொத்தான் அமுங்காது. "இது உனக்கு, வச்சுக்கோ" என்பதைத் தாத்தா அப்படித்தான் சொன்னார் போலும்.

அப்பாயியின் பிறந்தநாளன்று அந்தக் குரலை ஒலிக்கச் செய்து அவர்களை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்று திட்டமிட்டோம். அவர்கள் கடைக்குச் சென்றிருந்த நேரம் பார்த்து, விரிப்பை நீக்கினோம்; செருகினோம்; பொத்தானை அழுத்தினோம். குரல் வந்தது. ஆனால் அது தாத்தாவின் குரலாக இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெதுவாகவும் கனமாகவும் இழுத்தது. பிறகு "கர்ர்ர்" என்றது, நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், பழுப்பு நிற நாடா உள்ளே உருளையைச் சுற்றிக்கொண்டு இடியாப்பம்போல் கிடந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிகளுக்கும் அப்படித்தான். பிடித்து இழுத்தோம். நாடா அறுந்தது.

அந்த ஒரு நொடியில் எங்கள் நெஞ்சு அடைத்துப்போயிற்று. கேசட்டை எடுத்துப் பள்ளிப் பைக்குள் ஒளித்துவைத்தோம். பிறந்தநாள் வந்தது, கேசரியும் வடையும் ஆயின. எங்களுக்கு எதுவுமே தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் இரவு அப்பாயியின் காலடியில் அமர்ந்து அழுதுகொண்டே உண்மையைச் சொன்னோம். அப்பாயி எங்களைத் திட்டவில்லை. கேசட்டை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள். "பாய்கிட்ட குடுத்துப் பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தாலும் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பாய் என்பவர் எங்கள் தெருமுனையில் நீண்ட காலமாக ரேடியோ பழுது பார்ப்பவர். நாங்கள் அவரைப் பாய் மாமா என்றே அழைப்போம். டெக்கையும் கேசட்டையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏழெட்டு வருஷம் நிறுத்தி வச்ச வண்டிய எடுத்த உடனே ஊட்டிக்கு ஓட்டுவீங்களா, பாப்பா?"

அவர் மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. கேசட்டின் நாடா நான்கு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அதன் ஒரு முகத்தில் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பூசியிருக்கிறார்கள். காந்தத்தால் அத்துகள்களில் எழுதுவதுதான் ஒலிப்பதிவு. ஒரு மெல்லிய எஃகுத் தண்டும், அதை அழுத்தும் ரப்பர் உருளையும் சேர்ந்து நாடாவை ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கின்றன. இழுத்துவிட்ட நாடாவை வலப்பக்கச் சக்கரம் சுற்றிக்கொள்ள வேண்டும். அச்சக்கரத்தைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டு எங்கள் டெக்கில் இளகித் தார்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. உருளையோ இழுத்துக்கொண்டே இருந்தது, சக்கரமோ சுழலவில்லை. போக வழியில்லாத நாடா உருளையைச் சுற்றிக்கொண்டது. பெல்ட்டு வழுக்கியதால்தான் தாத்தாவின் குரலும் இழுத்திருக்கிறது.

பாய் மாமா புதிய பெல்ட்டுகளைப் போட்டார். பிறகு, "இனிமே இது உங்க வேலை" என்று சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் குப்பியையும் எங்கள் கையில் கொடுத்தார். நாடா உராயும்போது சிறிது சிறிதாக உதிரும் பழுப்புத் தூள், ஒலியைப் படிக்கும் 'ஹெட்' என்ற பகுதியில் படிந்துவிடும். அந்த ஹெட்டில் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. சிறிது தூள் படிந்தாலும் ஒலி மங்கிவிடும். ஹெட்டையும் எஃகுத் தண்டையும் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு மிகக் குறைவாகவே ஈரம் போதும். துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே கேசட்டைச் செருக வேண்டும். சுமார் பத்து மணி நேரம் கேட்டபின் ஒருமுறை இப்படிச் செய்வது நல்லது. எங்கள் முதல் பஞ்சு, பாக்குக் கறை துடைத்ததுபோல் வந்தது. ஐந்தாவது பஞ்சுதான் வெள்ளையாக வந்தது.

அடுத்து நாடா. பாய் மாமா கேசட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றி, கசங்கிப்போன துண்டை வெட்டினார். அறுந்த முனைகளை அதற்கென்றே உள்ள ஒட்டு நாடாவால், ஆக்சைடு பூசாத பின்புறத்தில் இணைத்தார். சாதாரண செலோ டேப் ஒட்டக் கூடாதாம். அதன் பசை நாளடைவில் கசிந்து ஹெட்டிலும் அடுத்த சுற்றுகளிலும் ஒட்டிக்கொள்ளுமாம். வெட்டியெடுத்த துண்டை எங்களிடம் நீட்டினார். அளந்து பார்த்தோம். ஐந்து சென்டிமீட்டர். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்றால், தாத்தாவின் பேச்சில் ஒரு விநாடிக்குச் சற்று மேல் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே நாடாவில்தான் பதிவாகின்றன. ஆகவே மறுபக்கத்திலும் அதே அளவு போயிற்று. நல்லவேளையாக, மறுபக்கத்தில் அந்த இடத்தில் தாத்தா இருமிக்கொண்டிருந்தாராம்!

அன்று மாலை கூடத்தில் எல்லாரும் அமர்ந்தோம். தளர்ந்திருந்த நாடாவை அறுகோணப் பென்சிலால் சுற்றி இறுக்கிவிட்டுச் செருகினோம். பாய் மாமா சொல்லியிருந்தபடி டால்பி விசையை அணைத்துவைத்தோம். டால்பியோடு பதிவு செய்ததை டால்பியோடு கேட்டால் இரைச்சல் குறையும். தாத்தா பேசியதோ சாதாரண டூ-இன்-ஒன் பெட்டியில். அதற்கு டால்பியைப் போட்டால் குரல்தான் மங்கும்.

இம்முறை தாத்தாவே பேசினார். எங்களுக்குத் தெரிந்த, மூச்சு வாங்கும் தாத்தா அல்லர். எங்கள் அப்பாவைவிட இளைய ஒரு மனிதர். பின்னால் ஏதோ ஒரு மின்விசிறி சத்தம். சம்பளம் போட்டுவிட்டார்கள் என்றார். பையனை அடிக்காதே என்றார். அந்தப் பையன், எங்கள் அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த இடம் வந்தது. "நான் இங்க நல்லா இருக்கேன். நீ..." ஒரு சிறு 'டக்'. "...சாப்பிடு."

எங்கள் இருவருக்கும் தலை குனிந்துவிட்டது. அப்போது அப்பாயி, கண்ணை மூடியபடியே, மெல்லச் சொன்னார்கள்: "வேளாவேளைக்கு."

மறுமுறை கேட்டபோதும் சரியாக அந்த இடத்தில் அப்பாயி சொன்னார்கள். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேசட் எங்கே பத்திரமாக இருந்தது என்பது எங்களுக்கு அன்றுதான் புரிந்தது.

ஆயினும் ஒரே நாடாவை நம்பியிருக்கலாகாது அல்லவா? அப்பா டெக்கிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கணினியில் இணைத்து, முழுப் பேச்சையும் பதிவு செய்தார். அதைக் கணினியிலும் பாதுகாத்து, ஒரு குறுந்தகட்டிலும் எழுதினார். இனி அப்பாயி தினமும் கேட்பது குறுந்தகட்டை. அசல் கேசட் ஓய்வெடுக்கட்டும்.

ஆனால் சி.டி. பிளேயரும் உறங்கிக்கிடந்ததுதானே! தகட்டைப் போட்டதும் 'நோ டிஸ்க்' என்று காட்டியது. அதன் லென்ஸில் தூசி. பாய் மாமா இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரப்பர் காற்றூதியால் ஊதிச் சரி செய்தார். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. ஆகவே ஓடும் கருவியைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது என்று எச்சரித்தார். கேசட் 1963-ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் நகரில் அறிமுகம் செய்தது. குறுந்தகட்டுக் கருவி 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகளே என்றாலும், வேலை செய்யும் விதம் வேறு. குறுந்தகட்டை எதுவும் தொடுவதில்லை. ஒளி மட்டுமே படிக்கிறது. ஒரு விநாடி ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாக எழுதப்படுகிறது. இசைத்தட்டுக்கு மாறாக, பதிவு நடுவிலிருந்து தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிச் சுருளாகச் செல்கிறது.

ஆகவே தகட்டைத் துடைக்கும்போது, நாம் தட்டு கழுவுவதுபோல் வட்டமாகத் துடைக்கக் கூடாது. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். குறுக்கே விழும் சிறு கீறலைக் கருவி தானே கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும். சுருளின் வழியே விழும் நீண்ட கீறலை அவ்வாறு சரிசெய்வது கடினம். எழுத்து அச்சிட்ட மேல்முகத்தைப் பத்திரம் என்று எண்ணி நாங்கள் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதப் போனோம். பாய் மாமா தடுத்துவிட்டார். ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சு அந்த முகத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறதாம். வீட்டில் எழுதிய தகடுகள் வெயில் பட்டால் மங்கும் என்பதால், உறையிலிட்டு இருட்டில் வைத்திருக்கிறோம்.

கேசட் இப்போது மீண்டும் பீரோவில் இருக்கிறது; ஸ்பீக்கரின் காந்தத்துக்கும், வெயிலுக்கும், ஈரத்துக்கும் எட்டாத இடத்தில், முழுவதும் சுற்றப்பட்டு, நிமிர்ந்து நிற்கிறது. வெட்டிய அந்த ஐந்து சென்டிமீட்டரை ஓர் உறையிலிட்டு அதன் பக்கத்தில் வைத்திருக்கிறோம். முதல் சனிக்கிழமைதோறும் ஒருத்தி ஹெட்டைத் துடைக்கிறாள். மற்றவள் விரிப்பைத் துவைக்கிறாள். அப்பாயி மேற்பார்வை.

அன்புத் தோழியரே! உங்கள் இல்லத்துப் பரணிலும் பீரோவிலும் இப்படி ஒரு குரல் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதை எழுப்புங்கள். ஆனால் எழுப்புமுன் கருவியைத் துடையுங்கள்; பெல்ட்டைப் பாருங்கள்; விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்; நாடா சிக்கினால் இழுக்காதீர்கள். அவசரத்தில் தவறு நேர்ந்துவிட்டால், அதைப் பைக்குள் ஒளித்துவைக்காதீர்கள். எங்களுக்கு ஒரு விநாடிதான் போயிற்று. அதையும் சொல்லித்தர எங்கள் அப்பாயி இருந்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பதில்லை.