மேல் போர்ஷன் சாவி

2015 சென்னை வெள்ளத்தில் ஓடியாடி நிவாரணப் பணி செய்தவள் என்று எங்கள் பங்கில் பலர் என்னை நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மறைத்து வைத்த மீதியைச் சொல்கிறேன்.

வடபழனியில் எங்களுக்குச் சொந்த வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மேல் போர்ஷன் வாடகைக்கு. அந்த நவம்பரில் குடியிருந்தவர்கள் காலி செய்ய, பெயின்ட் அடித்துப் பூட்டி வைத்திருந்தேன். பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர். திருத்தந்தை பிரான்சிஸ் அந்த ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலைக் கூட்டத்தில் விளக்கியதும் நானே. ஏழையின் அழுகுரலைக் கேட்க வேண்டும் என்று பேசினேன். எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. விடாத மழை. சாயங்காலம் எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றாள். அவள் வீடு ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றங்கரையில். ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள்.

“அக்கா, ஆத்துல தண்ணி ஏறிக்கினே வருது. மேல் வீடு காலியாத்தானே இருக்கு. பசங்களோட ரெண்டு நாள் இருந்துக்கறேன். தையல் மிஷினையும் தூக்கியாந்துடறேன்.”

மிஷின் அவள் மகளுடையது. கடன் வாங்கி வாங்கியது. பிளவுஸ் தைத்து அந்தப் பெண் கடனை அடைத்துக்கொண்டிருந்தாள்.

சாவி என் தலைக்கு நேரே ஆணியில் தொங்கியது. “பெயின்ட் இன்னும் காயலைம்மா. சாரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். பெயின்ட் எப்போதோ காய்ந்துவிட்டது. சார், அதாவது என் கணவர், உள் அறையில்தான் இருந்தார். நான் கூப்பிடவே இல்லை.

ஒருமுறை உள்ளே விட்டால் காலி செய்ய மாட்டார்களோ என்று பயந்தேன். சேற்றுக்கால் பட்டுப் புதுச் சுவர் கெடும் என்று கணக்குப் போட்டேன். இவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்தது. நான் துடைக்கச் சொல்லும் தரையில் அவள் பாய் விரித்துப் படுப்பதை என் மனம் ஏற்கவில்லை. சாதி பார்க்காதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று பார்த்தேன்.

“சரிக்கா” என்றாள். ஒரு குடைகூட எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். விடிவதற்குள் ஆறு அவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உயிர் பிழைத்தார்கள். மிஷின் போயிற்று. மகளின் மார்க் ஷீட்டும் போயிற்று. கடன் மட்டும் நின்றது.

அந்த வாரம் நகரத்தில் பள்ளிவாசல்கள் திறந்தன, கல்யாண மண்டபங்கள் திறந்தன. முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். என் மேல் போர்ஷன் பூட்டியே கிடந்தது. நான் பங்கில் சாம்பார் சாதப் பொட்டலம் கட்டினேன். போட்டோவில் முன்வரிசையில் நின்றேன்.

டிசம்பர் 7-ஆம் தேதியோடு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு வெளிவந்து 50 ஆண்டுகள் நிறைந்தன. விசுவாசம் ஒரு பக்கம், அன்றாட வாழ்வு ஒரு பக்கம் என்று கிறிஸ்தவர்கள் பிரிந்து வாழ்வதை அந்த ஏடு இக்காலத்தின் கடும் பிழைகளில் சேர்க்கிறது. மறுநாள் இரக்கத்தின் யூபிலி ஆண்டு தொடங்கியது. இரண்டைப் பற்றியும் அன்பியத்தில் பேசினேன். உலகத்தைச் சீராக்க நாம் அழைக்கப்பட்டவர்கள் என்றேன். என் வாசலிலிருந்து திரும்பிப் போனவளைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு ஆற்றோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அவளும் போனாள். அங்கிருந்து வடபழனிக்கு வந்துபோகக் கட்டுப்படியாகாது, வேலை போயிற்று. கடைசிச் சம்பளம் வாங்க வந்தபோதும் அவள் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் பேசியிருக்க வேண்டும். ஒரு புடவையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஜனவரியில் மேல் போர்ஷனுக்கு ஆள் வந்தது. பத்து மாத அட்வான்ஸை எண்ணி வாங்கினேன்.

ஒப்புரவு அருட்சாதனத்தில், பிறரன்பில் குறைந்துபோனேன் என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டேன். சாவியைச் சொல்லவில்லை. பெயின்ட் பொய்யைச் சொல்லவில்லை. குருவானவர் தமக்குத் தெரிந்த அளவுக்கு மன்னித்தார். அவளிடம் நான் மன்னிப்பு கேட்கவே இல்லை. நம்பர் என் போனில் இருக்கிறது. இன்றுவரை அழைக்காததற்குக் காரணம் பயம்தான்.