ஏற்காட்டில் ஒரு துப்பறியும் சாம்பு

ராஜேஷ்குமார் நாவல் நாலு படிச்சுட்டாலே நமக்குள்ள ஒரு விவேக் எந்திரிச்சு உட்கார்ந்துப்பான். உங்களுக்கும் அந்த வியாதி இருக்கா? அப்போ 2019 கிறிஸ்துமஸுக்கு ஏற்காட்டுல நான் அசிங்கப்பட்ட கதையைக் கேளுங்க.

செமஸ்டர் லீவு. சேலத்துலேர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்ல ஏறி, க்ளாஸ்மேட்டோட அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். காபித் தோட்டத்துக்கு நடுவுல வீடு. ரெண்டு ரூமை டூரிஸ்ட்டுகளுக்கு விடுவாங்க. டிசம்பர்னா பழம் பறிக்கிற சீஸன். களம் பூரா காபிக்கொட்டை காயுது, குளிர்ல நமக்குப் பல்லு தந்தியடிக்குது.

அங்கே ஏற்கெனவே ஒரு இத்தாலிக் குடும்பம் டேரா போட்டிருந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டு வயசு ரெட்டைப் பசங்க, எல்லாருக்கும் தலைமையா ஒரு பாட்டி. அவங்க பாஷையில 'நோன்னா'.

இத்தாலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க பாஸ். எ, ஏ ரெண்டையும் இன்னைக்கு எழுதற மாதிரி பிரிச்சுக் கொடுத்தவரே இத்தாலியில பொறந்த வீரமாமுனிவர்தான். 'ஏற்காடு'ங்கிற போர்டுலயே முதல் எழுத்து அவர் உபயம்!

அப்பாக்காரர் பெட்டியில 'மோக்கா'ன்னு ஒரு குட்டி அலுமினியக் கெட்டில். அடியில தண்ணி, நடுவுல தூள். ஆவி தள்ளி டிகாக்‌ஷன் மேலே ஏறும். அத்தையோட ஃபில்டர்ல கீழே இறங்கும். எது காபின்னு ரெண்டு பேருக்கும் மூணு நாள் பனிப்போர். நான் ரெண்டையும் குடிச்சுட்டு நடுநிலைமை காத்தேன்.

ஹால்ல கிறிஸ்துமஸ் குடில். அதுக்கும் தாய்வீடு இத்தாலிதான். 1223-ல கிரேச்சோங்கிற ஊர்ல, அசிசி பிரான்சிஸ் நிஜ மாடு, நிஜ கழுதை, வைக்கோல் எல்லாம் வெச்சு பெத்லகேமைக் காட்டினார். அந்த உரிமையில நோன்னா வந்த அன்னைக்கே குடில் டிபார்ட்மென்ட்டை டேக் ஓவர் பண்ணிட்டாங்க.

23-ம் தேதி சாயங்காலம். மாதா இருக்காங்க, சூசையப்பர் இருக்கார், ஆடு மாடு எல்லாம் ப்ரசென்ட். தீவனத் தொட்டியில குழந்தை மட்டும் ஆப்சென்ட்!

அது அத்தையோட அம்மா காலத்துப் பொம்மை. அத்தை முகம் செத்துப்போச்சு. சோபாவைப் புரட்டினோம், கட்டிலுக்கு அடியில தேடினோம். நோன்னாவுக்கு இத்தாலியனைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. ஒட்டடை அடிக்கிறோம்னு நினைச்சாங்களோ என்னமோ, சிரிச்சுக்கிட்டே பார்த்துட்டிருந்தாங்க.

நான் களத்துல இறங்கினேன். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஆறு வயசுல ஒரு பையன். எந்நேரமும் குடில் பக்கத்துலயேதான் நிப்பான். அவன் சட்டைப் பையில பார்த்தா... வைக்கோல்! போதாதா? கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய், "எடுத்தியாடா? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா உங்க அப்பாவுக்கு வேலை போயிடும்"னு மிரட்டினேன். ஆமா, அப்படியேதான் சொன்னேன். கண்ணுலேர்ந்து தண்ணியா கொட்டுச்சு, வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை. அதையே ஒப்புதல் வாக்குமூலமா எடுத்துக்கிட்டு, அத்தைகிட்ட கேஸ் க்ளோஸ்னு சொல்லிட்டேன். "சின்னப் புள்ளப்பா, விட்டுடு"ன்னாங்க.

மறுநாள் நடுராத்திரிப் பூசைக்கு எல்லாரும் போனோம். கோயில் குடில்லயும் தொட்டி காலியா இருந்தது. சரியா நேரம் வந்ததும், ஃபாதர் குழந்தை சுரூபத்தைக் கையில ஏந்தி வந்து அதுல வெச்சார். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. திரும்பிப் பார்த்தா நோன்னா கண்ணடிக்கிறாங்க!

வீட்டுக்கு வந்ததும் அவங்க கம்பளி சாக்ஸுக்குள்ளேர்ந்து குழந்தை வெளியே வந்தது. பொறக்கறதுக்கு முன்னாடியே குழந்தை எப்படித் தொட்டியில படுத்திருக்கும்? அவங்க ஊர்ல பல வீடுகள்ல 24 ராத்திரிதான் வைப்பாங்களாம். அதுவும் கடைக்குட்டி கையால. அத்தை வீட்டுலயோ குடில் போடற அன்னைக்கே குழந்தையும் வந்துடும். மகன் இங்கிலீஷ்ல இதை விளக்கிட்டு இருக்கும்போதே, தூங்கி வழிஞ்சுட்டிருந்த பொடியனை நோன்னா பக்கத்துல கூப்பிட்டாங்க. கடைக்குட்டி அவன்தான். வைக்கோல் கொண்டுவந்ததும் அவன்தான். குழந்தை எங்கே இருக்குன்னு முதல்லேர்ந்தே அவனுக்குத் தெரியும். நோன்னா உதட்டுல விரல் வெச்சு 'உஷ்'னு சொல்லியிருந்தாங்க. அவ்வளவுதான்.

பரமார்த்த குருவுக்கு அஞ்சு சீடர்கள்னு எழுதினவரும் வீரமாமுனிவர்தான். ஆறாவது ஆள் சேலத்துலேர்ந்து வருவான்னு அவருக்குத் தெரியலை.

"புவோன் நத்தாலே!"ன்னு ரெட்டைப் பசங்க கத்தினாங்க. இலங்கைத் தமிழர்கள் கிறிஸ்துமஸை நத்தார்னு சொல்றாங்கல்ல? அது போர்ச்சுகீசியர் கொடுத்த சொல், நத்தாலேக்குக் கூடப்பொறந்தது. வேற நாளா இருந்தா இதை வெச்சே அரை மணி நேரம் சீன் போட்டிருப்பேன். அன்னைக்கு வாய் வரலை.

காலையில பொடியன்கிட்ட சாரி சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான். பைக்ல முன்னாடி உட்காரவெச்சு மலையிறக்கத்துல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன். நாலு வளைவு தாண்டுற வரைக்கும் பேச்சே இல்லை. அப்புறம் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"அண்ணா, அப்பாவுக்கு வேலை போகாதுல்ல?"

வண்டியை ஓரமா நிறுத்திட்டேன்.