நண்பகல் வெயில்

தில்லியில் ஒரு பல்கலைக்கழக விடுதியின் உணவறையில், இரவு பத்து மணிக்குமேல், ஆறு மாணவர்கள் ஒரு குறும்படத்தின் படப்பிடிப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். படம் பன்னிரண்டு நிமிடம். களம், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் இயக்குநர் பிறந்த சிற்றூர். நகரத்திலிருந்து திரும்பிய பேத்தியிடம் ஒரு மூதாட்டி குடுக் மொழியில் பேசுகிறாள். பேத்தி ஒவ்வொன்றுக்கும் சாத்ரியில் மறுமொழி சொல்கிறாள். கதை அவ்வளவுதான். குடுக், ஒராஒன் மக்களின் வடதிராவிட மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர்க்குப் படத்தின் கவலை மிகையாகத் தோன்றலாம்.

கையிருப்பு 42,000 ரூபாய். துறையின் கேமரா ஐந்து நாளுக்கு இலவசம். அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். பயணத்துக்கு இரண்டு நாள் போக, படப்பிடிப்புக்கு மூன்று நாள். குளிர்கால விடுமுறை டிசம்பரில்தான் வருகிறது. ஷாட் பட்டியலில் 31 ஷாட்டுகள் இருந்தன. ஒளிப்பதிவாளர், அந்தப் பருவத்தின் காலை, மாலைச் சாய்வெயிலை மனத்தில் வைத்து, முக்கியமான காட்சிகளையெல்லாம் பொழுது புலரும்போதும் பொழுது சாயும்போதும் அமைத்திருந்தார். அட்டவணை பார்க்க அழகாகவே இருந்தது.

அதில் நடிக்கவேண்டிய மூதாட்டியை யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் இயக்குநருடைய பாட்டியின் தோழி. மறுக்கமாட்டார் என்பது எல்லோருடைய நினைப்பு. ஒலிப்பதிவு செய்யும் மாணவி வற்புறுத்திய பிறகே தொலைபேசியில் அழைத்தார்கள். டிசம்பரில் நெல் களத்துக்கு வந்துவிடும்; விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தாம் களத்தில்தான் இருப்பார்; நண்பகலில் கதிரடிக்கும் இயந்திரத்தை நிறுத்தி எல்லோரும் சாப்பிடப் போகும் இரண்டு மணி நேரம் வேண்டுமானால் வரலாம் என்றார் அவர்.

உச்சிவெயிலில் முகத்தில் கண்குழி கறுத்துத் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒளிப்பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். அவருடைய வாதத்தில் பிழையில்லை. ஆனால் ஒலிப்பதிவு மாணவியின் காதில் விழுந்தது வேறு: இயந்திரம் நிற்கும் இரண்டு மணி நேரம். குடுக்கில் நம் ‘கண்’ணுக்கு இணையான சொல்லின் முதலொலி ககரமன்று, அடித்தொண்டையில் உரசி வரும் ஒலி. செவி, கை ஆகியவற்றுக்கு இணையான சொற்களும் அவ்வாறே தொடங்குகின்றன. கதிரடிக்கும் இரைச்சலில் முதலில் மறைந்துபோவது அத்தகைய உரசொலிதான். மொழியைப் பற்றிய படத்தில் மொழி கேட்கவில்லையென்றால் சாய்வெயிலை எங்கே வைத்துக்கொள்வது?

2024இல் கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவில் முதற்பரிசு பெற்ற, சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படத்தை ஒளிப்பதிவாளர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். அதை எடுத்து முடித்தது நான்கே நாளில். கிழவி ஒருத்தி சேவலைத் திருடிவிட, ஊருக்கு விடியாமலே போகும் நாட்டுப்புறக் கதை அது. அதே படத்தை மாணவி அவர்பக்கமே திருப்பினாள். அந்தக் கதைக்கு இருட்டு வாய்த்தது. இந்தக் கதைக்கு நண்பகல் வாய்க்கட்டுமே. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒளிப்பதிவாளரே, வீட்டுக்கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்தால் வெயில் அடுப்படியில் விழும், எதிரே ஒரு தெர்மாகோல் பலகை போதும் என்றார். 31 ஷாட்டுகள் 11 ஆயின. வாரச்சந்தைக் காட்சி போயிற்று. அதனால் ஒரு நாள் ஜீப் வாடகை 3,000 மிஞ்சியது. ஸ்லைடரும் இரண்டாவது லென்ஸும் போனதில் இன்னும் 4,000.

அடுத்த கேள்வி கடினமானது. வரவுசெலவுத் தாளில் மூதாட்டியின் பெயருக்கு எதிரே 0 என்றிருந்தது. களப்பணியில் தகவலாளியின் நேரத்துக்குப் பணம் கொடுக்கிறோமே, இங்கே ஏன் இல்லை என்று மாணவி கேட்டாள். பணம் என்றால் அவர் வருந்துவார் என்றார் இயக்குநர். மாணவர் படங்களில் பெருமையாகச் சொல்லப்படும் ‘செலவே இல்லை’ என்பதற்குள் இப்படி எத்தனை பேரின் கூலி புதைந்திருக்கிறதோ! மேலும் ஒன்றை இயக்குநரே தயங்கித் தயங்கிச் சொன்னார். சற்றுமுன் தொலைபேசியில் மூதாட்டி பேசியது முழுவதும் குடுக். தாம் மறுமொழி சொன்னது முழுவதும் சாத்ரி. மேசையில் இருந்தவர்களுக்கு இரண்டும் தெரியாததால் யாரும் கவனிக்கவில்லை. உச்சரிப்புச் சரியா தவறா என்று முடிவுசெய்யத் தம் செவியைத் தாமே நம்பமுடியாது என்றார்.

மூதாட்டிக்கு நாளொன்றுக்கு 1,000. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச்சைச் சரிபார்க்க ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அவ்வளவே. மூன்று நாளுக்கு 6,000. மறுநாள் இயக்குநர் மீண்டும் அழைத்தார். இம்முறை குடுக்கில், இடையிடையே சொல் கிடைக்காமல் நின்று நின்று. பணத்துக்கு மூதாட்டி மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் வேளை சாப்பாட்டு வேளையாயிற்றே, வருகிற ஆறு பேருக்கும் சேர்த்துத் தாமே உலைவைப்பதாகச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் உணவுக்கென்று எழுதிய 6,000 மிச்சம் என்று கணக்குப் பார்த்த மாணவர் அந்த வரியை அடிக்கப்போனார். இயக்குநர் பென்சிலை வாங்கி, தொகையை அப்படியே விட்டு, ‘உணவு’ என்றிருந்ததை ‘அரிசி, பருப்பு, விறகு’ என்று மாற்றி எழுதினார்.